வாசலில் நாலெழுத்து

எழுத்து தெரிந்தவனெல்லாம் படிக்கத் தெரிந்தவன் இல்லை. இந்த உண்மையை ஊர் உலகம் சும்மா கேட்டுத் தெரிந்துகொள்ளும். நான் அதை அஸ்தினாபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தெருவே கூடி வேடிக்கை பார்க்க, மழையில் நனைந்துகொண்டு தெரிந்துகொண்டேன்.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பை நான் முடிக்கவில்லை. அதுதான் என்னை முடித்தது. எண்பதுகளின் நடுவில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். விஜயவாடாவில் லாரி கழுவினேன், கல்கத்தாவில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், கடைசியில் கயா பக்கம் ஒரு யாத்ரீகர் விடுதியில் ஒதுங்கினேன். (அங்கே கழுவ வேண்டியதைப் பற்றிச் சொன்னால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள்.) அந்த விடுதிக்கு ஜப்பானிலிருந்து வயதான அம்மாள்கள் கூட்டம் கூட்டமாகப் புத்தரைப் பார்க்க வருவார்கள். அவர்களுக்கு வெந்நீர் தூக்கி, பை தூக்கி, சில நேரம் அவர்களையே தூக்கி ரிக்ஷாவில் வைத்து, நாலைந்து வருடத்தில் எனக்கு அந்த மொழி வாய்க்கு வந்துவிட்டது. கண்ணுக்கு வரவில்லை. ஒரு எழுத்துகூடத் தெரியாது.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் சென்ட்ரலில் இறங்கி, மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு வந்து, அஸ்தினாபுரத்தில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். சரோஜா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருடம் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "செருப்பை வெளிய உடு. கண்ணு இன்னாடா எலுமிச்சம்பழமாட்டம் கீது?" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. மறுநாள் முதல் கீழாநெல்லி. மாமா பஸ் கண்டக்டர். அவர் ஒரு பாயை எடுத்து நடையில் போட்டு, "சீட்டு காலியா கீது, உக்காரு" என்றார். அந்தப் பாயில்தான் அடுத்த ஆறு வருடம் படுத்தேன்.

உடம்பு தேறியதும் மறைமலை நகர் பக்கம் ஜப்பான்காரர்கள் கூட்டுச் சேர்ந்து நடத்திய ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், காண்ட்ராக்டரிடம் பெட்டி இறக்கும் வேலைக்குப் போனேன். ஒரு நாள் பின்னோக்கி வந்த வண்டி ஒன்று ஜப்பானிய என்ஜினியர் ஒருவர் மேல் மோதப் பார்த்தது. நான் என்னை அறியாமல் ஜப்பான் மொழியில் கத்தினேன். அவர் தாவி ஒதுங்கினார். பிறகு அங்கிருந்த ஜப்பான்காரர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஜப்பான் மொழி சொல்லிக்கொடுத்தவர்கள் எழுபது வயது அம்மாள்கள் அல்லவா? தாடி வைத்த மூட்டை தூக்குகிறவன் ஒருவன், "ஐயோ, பாத்து நடக்கக்கூடாதா என் கண்ணே, பின்னால வண்டி வர்றது பாரும்மா" என்று கத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

சிரிக்காதவர் ஒருவர்தான். உயிர் தப்பியவர். மோரி என்று பெயர். தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. (அக்கா பெயரைக் கேட்டதும், "மோர் சாரா?" என்றாள். கடைசிவரை மோர் சார்தான்.) அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு வழி காட்டினார். டில்லியில் வருடத்துக்கு ஒருமுறை ஜப்பான் மொழித் திறன் தேர்வு நடக்கிறது. அதில் இரண்டாம் நிலையில் தேறினால் மொழிபெயர்ப்பாளராக நிரந்தர வேலை. தேறாவிட்டால், பெட்டி இறக்குவதற்கு இனி யந்திரம் வரப்போகிறது, வருடக் கடைசியில் காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரும் வீட்டுக்கு. தேர்வுக்குக் கம்பெனி சார்பில் அனுப்ப அவர் கையெழுத்து வேண்டும். "நீ எப்படிப் படிக்கிறாய் என்பதை உன் வீட்டுக்கு வந்து பார்ப்பேன். பார்த்த பிறகுதான் கையெழுத்து" என்றார்.

இரண்டாம் நிலைக்கு ஆயிரம் எழுத்து தெரிய வேண்டும். சீனாவிலிருந்து போன பட எழுத்துகள். அவற்றுக்கு அந்த ஊரில் பெயர் கஞ்சி. வீட்டில் சொன்னபோது மாமா, "கஞ்சி குடிக்கிறதுக்குப் பரீட்சையா?" என்றார். நான், "குடிக்கணும்னா படிக்கணும் மாமா" என்றேன். அந்தக் காலத்தில் நான் சொன்ன ஒரே நல்ல வாசகம் அது.

என்னிடம் பாடப்புத்தகம் கிடையாது. தொழிற்சாலைதான் புத்தகம். மெஷின் மேல் மாட்டிய பலகைகளையும், கப்பலில் வந்த பெட்டிகளின் மேல் அச்சடித்ததையும் பார்த்து வரைந்துகொண்டு வருவேன். தலை ஜாக்கிரதை, நெருப்பு கூடாது, கவிழ்க்காதே, கையை விடாதே. கொஞ்ச நாளில், உலகத்தில் உள்ள எதையும் செய்யாதே என்று ஜப்பான் மொழியில் எழுத எனக்குத் தெரிந்துவிட்டது. செய் என்று எழுதத்தான் தெரியாது.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுத்துகளை எழுதி, சோற்றுப் பருக்கையால் நடைச் சுவர் முழுக்க ஒட்டினேன். அக்கா அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் என்ன என்று கேட்பாள். நான் படமாகச் சொல்லிக்கொடுப்பேன். ஒரு மனுஷன் மரத்தில் சாய்ந்திருக்கிறான், அது ஓய்வு. கூரைக்கு அடியில் ஒரு பெண், அது நிம்மதி. மாமா உடனே, "யாருக்கு நிம்மதி?" என்று கேட்டு, அன்று ரசம் மட்டும் சாப்பிட்டார்.

இப்படி ஒரு எழுத்தைத் தனியாகப் பார்த்தால் வீட்டில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். இரண்டு சேர்ந்தால் வேறு அர்த்தம், நாலு சேர்ந்தால் இன்னும் வேறு அர்த்தம் என்பதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. எனக்கே அது பாதிதான் தெரியும்.

மோரி வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆவணி மாதம், புழுக்கம். அக்கா காலையிலிருந்தே கேசரி, பஜ்ஜி மாவு, ஒரு சொம்பு மோர் என்று தயாராக இருந்தாள். "அவுரு பேரே மோரு. மோர் குடுக்காம இருந்தா நல்லா இருக்குமா?" கார் உள்ளே வர வழி தெரியாமல் தவிக்கக் கூடாது என்று நான் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு முனைக்குப் போய் நின்றேன். டிரைவருக்கோ ராஜேந்திர பிரசாத் சாலை வழியெல்லாம் அத்துப்படியாம். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, கார் வீட்டு வாசலுக்கே போய்விட்டது.

இனி நான் வருகிறவரை நடந்தது அக்கா சொன்னது. (இதற்கு மாமா ஒரு வடிவம், எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் நான்தான் முட்டாள். அதனால் எதைச் சொன்னாலும் ஒன்றுதான்.)

மோரி காரிலிருந்து இறங்கினார். கோட்டு, டை. வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். கீழே பார்த்தார். கம்பத்தில் கட்டியதுபோல் நின்றுவிட்டார்.

"வாங்க சார், வாங்க!" என்று அக்கா கும்பிட்டாள்.

மோரி இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நகரவில்லை.

"கம் சார், கம்!" என்றார் மாமா. "உள்ள போ, உள்ள போ" என்று முப்பது வருடம் பஸ்ஸில் கத்திய குரல் அது. மோரி மறுபடியும் குனிந்தார். தரையைச் சுட்டிக்காட்டினார். கையைக் குறுக்கே ஆட்டினார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா டீச்சர்! கோலத்தை மிதிக்க மாட்டேங்கிறாரு. எம்மாம் மரியாத! நம்மாளுங்க சைக்கிளையே மேல ஏத்துறானுங்க."

"அப்படியே ஓரமா வரலாமே" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"ஓரமே இல்லியே. வாசல் பூராப் போட்டுட்டேன்."

ஆக, அவர் மரியாதைக்குப் பங்கம் வராமல் நடுத்தெருவில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பஜ்ஜி வந்தது. மோர் வந்தது. ஆட்கள் வந்தார்கள்.

நான் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது கண்ட காட்சி இதுதான்: பிரஸ் பகுதித் தலைவர் தெருவில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் வாழைக்காய் பஜ்ஜியும் மறு கையில் மோர்ச் சொம்புமாக இருந்தார். சுற்றிலும் தெரு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு வாசலைப் பார்த்தேன்.

செம்மண் இட்டு, நாலு பக்கமும் பூங்கொடி ஓட்டி, நடுவில் வெள்ளை மாவில், அச்சடித்த மாதிரி, ஆளுயரத்துக்கு நாலு எழுத்து: 立入禁止.

உள்ளே வராதே.

பிரஸ் மெஷினைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு மேலே தொங்கும் பலகை அது. ஜப்பானில் வேறொரு ஆலையில் அந்தப் பலகையைத் தாண்டிய ஒருவனுக்கு இரண்டு கையும் போனதை மோரி கண்ணால் பார்த்தவர். டைரக்டரே வந்தாலும் அதைத் தாண்ட விடமாட்டார். தாண்டியவனை அன்றே வேலையை விட்டு நிறுத்துவார். அப்படிப்பட்ட மனிதரை விருந்துக்குக் கூப்பிட்டு, வாசலில் அதையே எழுதி வைத்திருந்தோம்.

"எப்டிடா?" என்றாள் அக்கா, முகமெல்லாம் பூரிப்பாக. "நீ சுவத்துல ஒட்டினதுலயே இந்த நாலுதான் ரெண்டு பக்கமும் சமமா, கோலத்துக்குன்னே பொறந்த மாதிரி கீது. மத்ததெல்லாம் ஒருக்களிச்சு நிக்குது, வாசலுக்கு ஆவாது. அர்த்தமும் பாத்துத்தான் போட்டேன். முதல் எழுத்து நில்லு. ரெண்டாவது உள்ள வா. மூணாவது ரெண்டு மரம், அடியில சாமி. நாலாவது நிறுத்து, அதாவது தங்கு. 'நின்னு, உள்ள வந்து, சாமி மாதிரி தங்குங்க'ன்னு வரவேற்பு!"

"ஜப்பான் பாஷையிலயே வெல்கம் போட்டுட்டா சரோஜா" என்று ஸ்டெல்லா டீச்சர் கூட்டத்துக்கு விளக்கினார். கூட்டம் கை தட்டியது.

மூன்றாவது எழுத்து அப்படித்தான் இருக்கும். இரண்டு மரம், கீழே சாமி மேடை. ஆனால் சுவரில் சாமி படம் வரைந்து வைத்தால் அங்கே ஒதுங்கக் கூடாது என்று நம் ஊரில் அர்த்தமாகிறதே, அந்த மாதிரி சாமி. 'கூடாது' என்கிற சாமி. படத்தைச் சொன்ன நான் அர்த்தத்தைச் சொல்லவில்லை.

மோரியிடம் ஓடினேன். "ஐயா, மன்னிக்கணும், தயவுசெய்து உள்ளே வாங்களேன்" என்றேன். பதற்றத்தில் பழைய அம்மாள்களின் பேச்சு இன்னும் குழைந்து வந்தது.

"வரக்கூடாது என்று எழுதியிருக்கிறதே" என்றார் மோரி.

"அது சும்மா."

மோரியின் புருவம் ஏறியது. "சும்மா அந்தப் பலகையை யாரும் எழுதக்கூடாது. யார் எழுதியது?"

"என் அக்கா."

"அப்படியானால் அவர்தான் எடுக்க வேண்டும். பலகையை மாட்டியவன்தான் பலகையை எடுக்க வேண்டும். விதி உனக்குத் தெரியும்."

தெரியும். திரும்பி அக்காவிடம் மெல்லச் சொன்னேன்: "அக்கா, கோலத்தைக் கொஞ்சம் அழிச்சிடேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் காமாலை மறுபடியும் வந்துவிடும் போலிருந்தது. "விருந்தாளி வந்து வாசல்ல உக்காந்திருக்கறப்போ கோலத்தை அழிக்கறதா? எழவு வூட்லதாண்டா வாசல் காலியா இருக்கும்! இன்னா பேச்சு பேசற?"

"இல்லக்கா, அது வந்து..."

"எது வந்து?"

தெரு முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேருக்கு நடுவில், 'நீ வரவேற்கவில்லை, விரட்டியிருக்கிறாய்' என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சோறு போட்டவள். பாய் போட்டவள். நான் திரும்பி மோரியைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் என் தேர்வு விண்ணப்பம் எட்டிப் பார்த்தது. ஒருவர் விதியை விடமாட்டார், இன்னொருவர் கோலத்தை விடமாட்டார். நடுவில் என் நிரந்தர வேலை ஆறிய பஜ்ஜியாகக் கிடந்தது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஆவணிப் புழுக்கத்துக்கு வரும் மழை, தூறல் எல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பில் கொட்டும். தெரு காலியானது. டிரைவர் காருக்குள் ஓடினான். மோரி மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து, கோட்டோடு, சொம்போடு, கோலத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். விட்டுவிட்டு உள்ளே போக முடியாமல் நானும் நின்றேன்.

"சார், உள்ள வாங்க சார், சளி பிடிச்சிக்கும்!" அக்கா அலறினாள். மாமா குடையைப் பிரித்தார், அது எதிர்ப்பக்கம் மடங்கியது.

எங்கள் மொட்டை மாடித் தண்ணீர் விழுகிற குழாய் வாசலுக்கு வலப்பக்கம். அதில் வெள்ளம் பாய்ந்து இறங்கியது. முதலில் கடைசி எழுத்து கரைந்து சாக்கடைக்குப் போனது. பிறகு இரண்டு மரமும் ஆட்டம் கண்டன. சாமியும் புறப்பட்டுப் போனார். இடப்பக்கம் சன்ஷேடுக்கு அடியில் இருந்த முதல் இரண்டு எழுத்து மட்டும் அப்படியே நின்றன.

மோரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்த இரண்டு எழுத்துக்கும் சேர்த்து அர்த்தம், 'உள்ளே வருதல்'.

"தச்சியிரி" என்று உரக்கப் படித்தார். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூங்கொடியைத் தாண்டி, உள்ளே வந்தார்.

அக்கா கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நடைச் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "உன் அக்கா என்ன எழுத நினைத்தார்?" என்று கேட்டார். சொன்னேன்.

"என்ன எழுதினார் என்பதை அவரிடம் சொல்லிவிட்டாயா?"

"இல்லை."

"சொல். என் முன்னால் சொல். கசப்பானதைச் சொல்லாமல் விடுகிறவன் மெஷின் பக்கத்தில் மொழிபெயர்க்க முடியாது. ஆள் செத்துவிடுவான்."

சொன்னேன். "அக்கா, நீ எழுதினது வரவேற்பு இல்ல. உள்ள வராதேன்னு எழுதியிருக்க. அந்த சாமி 'கூடாது'ன்னு சொல்ற சாமி."

அக்கா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். "எருமை! எருமை மாடு! ரெண்டு மரம், அடியில சாமின்னுதானே சொன்ன? அது வேணாம்னு சொல்ற சாமின்னு சொன்னியா? தெருவையே கூட்டிப் பெருமையடிச்சிருக்கேன் நானு. ஒரு பெரிய மனுஷனை மழையில நிக்க வெச்சு, மோர் வேற குடுத்திருக்கேன், நாளைக்கு அவுருக்கு ஜுரம் வந்தா? ஆயிரம் எழுத்து படிச்சி இன்னாடா பிரயோஜனம்?"

"என்ன சொல்கிறார்?" என்றார் மோரி.

"அக்கா வருத்தப்படுகிறார்" என்றேன்.

"இவ்வளவு நீளமாகவா?" அவர் கையைக் கட்டிக்கொண்டார். "முழுதும்."

வேறு வழியில்லை. என்னைத் திட்டியதை நானே முழுதும் மொழிபெயர்த்தேன். சாமி, பெருமை, மோர், ஜுரம், எதையும் விடவில்லை. அதுவும் எழுபது வயது அம்மாளின் கனிந்த ஜப்பான் மொழியில்.

மோரி கவனமாகக் கேட்டுவிட்டு, "ஏன் எருமை?" என்றார். அவர்கள் ஊரில் எருமையைச் சொல்லித் திட்டுவதில்லை.

"அக்கா, ஏன் எருமைன்னு கேக்கிறார்."

"மழ பேஞ்சாலும் நின்ன எடத்த விட்டு நவுராது இல்ல, அதான்னு சொல்லு."

சொன்னேன். மோரி தன் கோட்டைப் பார்த்தார். அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்படியானால் இன்றைக்கு எருமை நான்தான்" என்றார். அதை அக்காவுக்கு மொழிபெயர்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் முழுதும் சொல்ல வேண்டுமே. சொன்னேன். அக்கா கரண்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கினார். தொழிற்சாலையில் யாரும் பார்த்திராத ஒன்றை எங்கள் நடையில் பார்த்தோம். மோரி சிரித்தார். சிரித்துக்கொண்டே பையிலிருந்து நனைந்த விண்ணப்பத்தை எடுத்து, மாமாவின் டிக்கெட் பெட்டி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"எழுத்தைப் படிக்காதே, சொல்லைப் படி" என்றார் போகும்போது.

அந்த வருடம் டில்லியில் தோற்றேன். மை ஊறிய விண்ணப்பத்தையே ஏற்றுக்கொண்டவர்கள் என் விடைகளை ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் தேறினேன். இடையில் காண்ட்ராக்ட் ஆட்களை அனுப்பியபோது மோரி என்னை மட்டும் பிரஸ் பகுதியில் கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டார். பிறகு அங்கேயே பல வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். எனக்கு வீடு, கல்யாணம், மரியாதை எல்லாம் அந்த வேலையால் வந்தவை. யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால், என்னை எருமை என்று திட்டியவள்தான் முதலில் நினைவுக்கு வருகிறாள். பிறகு பாய் போட்டவர். பிறகு மழை.

வேண்டாத சொந்தக்காரர் யாராவது வருவதாகத் தகவல் வந்தால் மாமா இன்றும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "சரோஜா, அந்த நாலு எழுத்த போட்டு வையேன்!" அக்கா ஒருமுறை நிஜமாகவே போட்டுவிட்டாள். வந்தவர் மாமாவின் தூரத்து அண்ணன். "அட, புது மாதிரி கோலமா இருக்கே" என்று அதன் நடுவில் கால் வைத்து உள்ளே வந்து, பொங்கல்வரை தங்கினார். போகும்போது தன் மருமகளுக்காக அதை ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொண்டும் போனார். மேடவாக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நல்ல நாளென்றால் இப்போது அந்தக் கோலம்தான். பக்கத்து வீடுகளுக்கும் பரவிவிட்டதாகக் கேள்வி. ஒரு தெருவே பண்டிகைக்குப் பண்டிகை, உள்ளே வராதே என்று கலர் கலராகப் போட்டு வைத்திருக்கிறது. வாசலில் நின்று திரும்பிப் போனவர் யாரும் இல்லை. நாங்களும் இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை.